பத்து ரூபாய் நாணயத்தை மறுக்காத பெட்டி: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

வணக்கம். நாணயம் போட்டால் மிட்டாய் தருகிற எங்கள் ப்ராஜெக்ட், அந்தக் கடலைமிட்டாய்ப் பெட்டி, வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று ஒழுங்காக வேலை செய்துவிட்டது. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் மூன்று முறை நாணயம் போட்டார். மூன்று முறையும் ஒரே ஒரு பாக்கெட் விழுந்தது. இதில் என்ன பெருமை என்று கேட்காதீர்கள். பிப்ரவரியில் இதே பெட்டி ஒரு நாணயத்துக்கு எட்டு பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நன்றியுரை என்று ஒரு பக்கம் உண்டு. தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், வழிகாட்டி, பெற்றோர், நண்பர்கள் என்று அதற்கு ஒரு வரிசை. போன வருடத்து ரிப்போர்ட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். நாங்களும் அதைத்தான் செய்தோம். லேத் பட்டறைக்கும் பெட்டிக்கடைக்கும் அந்தப் பக்கத்தில் இடம் கிடையாது. ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு வரும் வழியில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதுதான் இந்த மடல். பெயர் போடட்டுமா என்று கேட்டதற்குப் பாதிப்பேர் "அதெல்லாம் எதுக்கு அம்மிணி" என்று சொல்லிவிட்டார்கள். எனவே நாங்கள் கூப்பிடுகிற முறையிலேயே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நாங்கள் கோவையில் இ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல் பொறியியல்) கடைசி வருடம் படிக்கும் நான்கு பேர். கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரம் ஒன்றை 2022இல் வைத்தார்களே, அதைப் பற்றிப் படித்ததிலிருந்து இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. பையைக் கடலைமிட்டாயாக மாற்றியது எங்கள் குழுவின் கோவில்பட்டிக்காரன். அவன் ஊர் மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அவன் இன்னும் கொண்டாடி முடிக்கவில்லை. ப்ளைவுட் பெட்டி, முன்னால் அக்ரிலிக் கதவு, உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள், சுருளுக்கு எட்டு பாக்கெட். பத்து ரூபாய் நாணயம் போட்டு பட்டனை அழுத்தினால் சுருள் ஒரு சுற்று சுற்றும், முன்னால் இருக்கும் பாக்கெட் கீழே விழும். அவ்வளவுதான். நான்கு மாதம் ஆனது.

முதல் நன்றி பெட்டிக்கடைத் தாத்தாவுக்கு.

தாத்தா, நாங்கள் உங்களிடம் வந்தது சில்லறைக்கு. நாணயம் வாங்கும் கருவியை வாங்கியாகிவிட்டது. அதற்கு எது பத்து ரூபாய் என்று நாமே கற்றுக்கொடுக்க வேண்டும். எத்தனை வகை நாணயம், வகைக்கு எத்தனை மாதிரி, ஒரு நாணயத்துக்கு எத்தனை பல்ஸ் (மின்துடிப்பு), எவ்வளவு கறார் என்று நான்கு அமைப்புகள் அதில் உண்டு. மாதிரிக்கு முப்பது நாணயம் வரை போட்டுக் காட்டலாம். நாணயம் கருவிக்குள் இருக்கும் சின்ன மின்சுருள்களைத் தாண்டி உருளும்போது காந்தப்புலம் எப்படி மாறுகிறது என்பதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். முப்பது நாணயத்துக்கு எங்கே போவது? ஹாஸ்டல் முழுக்கக் கேட்டும் நான்குதான் தேறியது. எல்லாரும் போனைக் காட்டி ஸ்கேன் செய்கிற காலம்.

நீங்கள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தீர்கள். உள்ளே முழுக்கப் பத்து ரூபாய் நாணயம். "எவனும் வாங்க மாட்டேங்கறான் சாமி. நான் வாங்கிப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்றீர்கள். கோடு பதினைந்து இருந்தால் செல்லாது, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் செல்லாது என்று ஆளுக்கொரு கதை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்களை எல்லாம் வரிசையாகச் சொன்னீர்கள். ரூபாய்க் குறியே 2010இல்தான் வந்தது, நாணயத்தில் அது ஏறியது 2011இல். அதற்கு முன் அடித்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? பதினான்கு வடிவங்கள் வந்திருக்கின்றன, பதினான்கும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. கடைக்காரர்களிடம் அதைச் சொல்லி யார் ஜெயித்தார்கள்?

டின்னோடு கொடுத்துவிட்டீர்கள். எண்ணிக்கூடக் கொடுக்கவில்லை. நாங்கள்தான் ஹாஸ்டலில் எண்ணினோம்: 212. அதில் பளபளவென்று இருந்த முப்பதைப் பொறுக்கிக் கருவிக்குப் பழக்கினோம். அது எங்கள் முட்டாள்தனம். மறுநாள் நீங்களே வந்து ஒரு தேய்ந்த பழைய நாணயத்தைப் போட்டீர்கள், கருவி துப்பிவிட்டது. இன்னொன்று போட்டீர்கள், அதையும் துப்பியது. "உங்க மெசினும் அவிய மாதிரியே தானா?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அன்று இரவே பழையது, புதியது, தேய்ந்தது, கறுத்தது எல்லாம் கலந்து மறுபடி முப்பது போட்டுப் பழக்கினோம். கறாரையும் கொஞ்சம் தளர்த்தினோம். படம் எதுவானாலும் எல்லாம் 27 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 7.7 கிராம் எடை, நடுவில் ஒரு உலோகம், வெளியே ஒரு உலோகம். கோடு எத்தனை என்று கருவி எண்ணுவதில்லை. இப்போது உங்கள் டின்னில் உள்ள 212ஐயும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயிற்று.

அடுத்து, கோவை கணபதிப் பகுதி லேத் பட்டறை அண்ணன்.

கம்பிச் சுருள் கடையில் கிடைக்காதா என்று பலர் கேட்டார்கள். கிடைக்கும், பெரிய இயந்திரத்துக்கான அளவில். எங்களுக்கு வேண்டியது 70 மி.மீ. விட்டத்தில், சுற்றுக்குச் சுற்று 40 மி.மீ. இடைவெளியில், எட்டு சுற்று. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு பட்டறை ஏறி இறங்கினோம். இரண்டு துண்டுக்கெல்லாம் மிஷினை நிறுத்த முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். எட்டாவது பட்டறையில் அண்ணன் பம்ப் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். "எழுவதுக்குச் சுத்தினா எழுவது வராதுங்க அம்மிணி. கம்பி விரியும்" என்றார்.

ஸ்பிரிங் பேக் என்று நாங்கள் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்ததுதான் அது. கம்பியை வளைத்துக் கையை எடுத்தால் கொஞ்சம் பின்னால் வரும். எவ்வளவு வரும் என்பது எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, அண்ணன் கையில் இருந்தது. இரண்டு இன்ச் ஜி.ஐ. பைப் ஒன்றை எடுத்து லேத்தின் சக்கில் (சுழலும் பிடியில்) பிடித்தார். அதன் வெளிவிட்டம் 60 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 3 மி.மீ. கம்பியை அதன்மேல் நெருக்கமாக, மிக மெதுவாகச் சுற்றினார். சுற்றி முடித்துக் கம்பியை வெட்டியதும் சுருள் 'டங்' என்று ஒரு முறை விரிந்து நின்றது. வெர்னியர் வைத்துப் பார்த்தோம், 71. அதை வைஸில் கடித்து, 37 மி.மீ. மரத்துண்டுகளை இடையிடையே செருகி இழுத்துவிட்டார். 37 மரம், 3 கம்பி, ஆக 40. இழுத்ததில் விட்டம் கொஞ்சம் சுருங்கி, எங்கள் 70க்கே வந்து நின்றது. "இழுத்தா சுருங்கும்னு ஒண்ணு கூட விட்டிருந்தேன்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

கூலி கேட்டோம். டீ வாங்கித் தரச் சொன்னார். பட்டறையில் இருந்த ஆறு பேருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தோம். வாங்கிய பில்லை ரிப்போர்ட்டின் செலவுப் பட்டியலில் 'சுருள் தயாரிப்பு' என்று போட்டிருக்கிறோம், அண்ணா. தப்பாக நினைக்க வேண்டாம்.

இனி லேப் அசிஸ்டன்ட் சார். சார், உங்களிடம் முதலில் ஒரு மன்னிப்பு. 'கம்பைண்டு லேபைப் பூட்டவில்லை' என்று உங்களுக்கு மெமோ வந்ததே, அன்று சாவியைத் தொலைத்தது நாங்கள்.

அந்த எட்டு பாக்கெட் கதை இதுதான். நாணயம் விழுந்தால் கருவியிலிருந்து ஆர்டுயினோவுக்கு (பெட்டியை இயக்கும் சின்னக் கணினி போர்டு) ஒரு பல்ஸ் வரும். பல்ஸ் வந்தால் பத்து ரூபாய் வரவு. பட்டன் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, வரவு வந்தாலே மோட்டார் ஓடுகிற மாதிரி அப்போது எழுதியிருந்தோம். ஒரு நாணயம் போட்டோம். மோட்டார் ஓடியது, பாக்கெட் விழுந்தது. கைதட்டினோம். தட்டி முடிப்பதற்குள் மோட்டார் மறுபடி ஓடியது. மறுபடி. சுருள் காலியாகிற வரை நிற்கவில்லை. திரையைப் பார்த்தால் வரவு ஏறிக்கொண்டே போகிறது. ப்ரோக்ராமில் தப்பு என்று மூன்று நாள் தேடினோம். எங்களில் ஒருத்தி ப்ரோக்ராம் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். புது ப்ரோக்ராமும் தானதருமம் செய்தது.

சார் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மேசை டிராயரிலிருந்து கிரிக்கெட் கமெண்டரி கேட்கிற பழைய பாக்கெட் ரேடியோவை எடுத்து, மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, மோட்டாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இப்போ மோட்டாரை ஓட்டு." ரேடியோ வறுகடலை மாதிரி பொரிந்தது. நிறுத்தினால் அமைதி. ஓட்டினால் மறுபடி பொரிகிறது. "உன் மோட்டார் கத்துது. அந்தக் கத்தலைத்தான் உன் போர்டு காசுன்னு நினைச்சுக்குது."

மோட்டாரின் பிரஷ்களில் பொறி பறக்கும். அந்த இரைச்சல் நாணயக் கருவியின் ஒயரில் தொற்றுகிறது. அந்த ஒயரையோ நாங்கள் மோட்டார் ஒயரோடு சேர்த்து அழகாக டேக் போட்டுக் கட்டியிருந்தோம். இரைச்சல் ஒரு வரவு, வரவுக்கு மோட்டார், மோட்டாருக்கு இரைச்சல். சரியான செக்குமாடு. சார் காட்டிய பிறகு சி.ஆர்.ஓ.வில் (மின்னலையைத் திரையில் காட்டும் கருவி) பார்த்தால் எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நாணயத்தின் பல்ஸ் 50 மில்லிசெகண்ட் அகலத்தில் நிதானமாக இருக்கிறது. இரைச்சல் முள்முள்ளாகக் குத்தி மறைகிறது. இரைச்சலை அடக்க மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 104 கெபாசிட்டர், ஒரு 1என்4007 டையோடு, ஒயர்களைப் பிரித்துத் தனித்தனிப் பாதை, நாணய ஒயர் இரைச்சலுக்கு ஆடாமல் இருக்க ஒரு கிலோ ஓம் புல்-அப் மின்தடை. ப்ரோக்ராமில் இரண்டே இரண்டு வரி: 20 மில்லிசெகண்டுக்குக் குறைந்த பல்ஸை நம்பாதே, மோட்டார் ஓடும்போது வரும் பல்ஸை எண்ணாதே. மொத்தச் செலவு பத்து ரூபாய்கூட ஆகவில்லை. நான்கு வருடம் படித்ததில் எனக்கு மறக்கவே மறக்காத வகுப்பு அந்த ரேடியோ வகுப்புதான் சார். அதற்கு வருகைப்பதிவு எடுக்கவில்லை.

மைக்ரோ சுவிட்ச் யோசனை தந்த சீனியர் அக்காவுக்கு நன்றி. ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி என்று நாங்கள் நேரத்தை வைத்து மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தோம். பாக்கெட் குறையக் குறையச் சுமை குறையும், மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடும், சுருள் நிற்கும் இடம் நகர்ந்துகொண்டே போகும். ஐந்தாவது பாக்கெட்டில் கணக்கு உதைக்கும். "நேரத்தை ஏன் எண்றீங்க, சுத்தை எண்ணுங்க" என்று பெங்களூரிலிருந்து போனில் சொன்னீர்கள். சுருளின் அடியில் ஒரு கேம் (மேடு வைத்த சக்கரம்), அது தட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்ச். தீர்ந்தது.

கேன்டீன் அக்காவின் யோசனைக்கு எங்கள் ரிப்போர்ட்டில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது, அக்காவுக்கு அது தெரியாது. பாக்கெட் விழுந்ததா இல்லையா என்று பார்க்க அகச்சிவப்புக் கதிர் வைத்திருந்தோம். கேன்டீனில் ஜன்னலோரம் வைத்து ஓட்டிப் பார்த்தால், வெயில் பட்டதும் அது குருடாகிவிட்டது. பாக்கெட் விழுந்தும் விழவில்லை என்று நினைத்து இன்னொன்றையும் தள்ளியது. அக்கா தட்டு துடைத்துக்கொண்டே, "விழுந்தா சத்தம் கேக்குமே கண்ணு, அதுக்குக் காது இல்லையா?" என்று கேட்டார். நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பியெசோ தகடு ஒன்றை வாங்கி, பாக்கெட் விழும் தட்டின் அடியில் ஒட்டினோம். அதிர்ந்தால் அதில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். தட்டைப் பெட்டியில் ஒட்டாமல் ஸ்பாஞ்சின்மேல் உட்கார வைத்ததால் மோட்டாரின் அதிர்வு அதற்கு எட்டவில்லை. அந்தத் தகட்டின் விட்டமும் 27 மி.மீ., பத்து ரூபாய் நாணயத்தின் அதே அளவு. கருவியில் போட்டுப் பார்த்தோம், ஏமாறவில்லை.

அக்கா, பெட்டியைப் பக்கவாட்டில் குத்தினாலும் அந்தக் காது கேட்டுவிடுகிறது, பாக்கெட் விழுந்ததாக எண்ணிக்கொள்கிறது. இதை எக்ஸாமினரிடம் நாங்கள் சொல்லவில்லை.

ஜவுளிக்கடையில் வேலை செய்யும் என் சித்தப்பா, சட்டைக்குள் வைக்கும் அட்டைகளை ஒரு கட்டு கொடுத்தனுப்பினார். பாக்கெட் தொளதொளவென்று சாய்ந்து சுருளில் மாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் அட்டை வைத்ததும் நிமிர்ந்து நின்றது. ஆசாரி அண்ணன் அக்ரிலிக்கில் துளை போட்டுக் கொடுத்தார். நாங்கள் போட்டதில் இரண்டு ஷீட் விரிசல் விட்டது. அவர் டிரில் பிட்டின் கூர்மையைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டு, அடியில் பலகை கொடுத்துப் போட்டார், விரிசலே இல்லை. கூர்மை குறைந்தால் நன்றாகத் துளைக்கும் என்பதை இன்றுவரை என் அப்பா நம்பவில்லை.

எங்கள் கைடு மேடத்துக்கு ரிப்போர்ட்டிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது, ஆனால் அதில் எழுத முடியாதது ஒன்று உண்டு. ஜீரோத் ரிவ்யூ (ப்ராஜெக்டின் ஆரம்பப் பரிசீலனை) அன்று நாங்கள் ப்ரோக்ராமை மட்டும் எழுதிக்கொண்டு போய் நின்றோம். மேடம் போர்டில் ஒரு தராசு வரைந்தார். ஒரு தட்டில் நாணயம் விழும், அதன் எடையில் தட்டு சாயும், மறுமுனை மேலே போய் அடைப்பைத் தூக்கும், தண்ணீர் வரும்; நாணயம் சரிந்து விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். அலெக்சாந்திரியாவில் ஹீரோ என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டில் விவரித்த, கோயில் தீர்த்தம் தரும் பெட்டி. "இதுல ஆர்டுயினோ எங்க இருக்கு காட்டு" என்றார். வெளியே வந்து மேடத்தைத் திட்டினோம். அப்புறம்தான் சுருளைத் தேடி கணபதிக்குப் போனோம்.

இரண்டாவது ரிவ்யூவில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "கரண்ட் போயிடுச்சு. என் பத்து ரூபா?" என்று கையை நீட்டினீர்களே மேடம், அதற்காகவும் நன்றி. அன்று இரவு வரவை ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதிவைக்கக் கற்றுக்கொண்டோம். இப்போது கரண்ட் போய் வந்தாலும் பெட்டி கடனை மறக்காது.

கடைசியாக ஹாஸ்டல் ஜூனியர் பெண். வாசலில் மார்கழி முழுக்கக் கோலம் போட்டவள் நீதானே! எங்கள் திரை 16 எழுத்து, இரண்டு வரி, ஆங்கிலம் மட்டும் தெரிந்தது. நாமாக எட்டு வடிவம் வரைந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும், ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டு புள்ளி. 'ந' அந்த ஐந்து புள்ளிக்குள் அடங்கவே இல்லை. நீ கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு கட்டம் எடுத்து, ஆறு கட்டத்தில் 'நன்றி' வரைந்து கொடுத்தாய். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே திரையில் சின்ன இடைவெளி இருப்பதால் எழுத்து கொஞ்சம் பிளந்து தெரியும். 'றி'யின் மேல் வளைவு மட்டும் அவ்வளவு அழகு. எக்ஸாமினர் அதைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டார். இந்தக் காலத்தில் க்யூ.ஆர். வைக்காமல் ஏன் நாணயம் என்றும் அவர்தான் கேட்டார். எங்கள் கோவில்பட்டிக்காரன் தாத்தாவின் டின்னைத் திறந்து காட்டினான்.

தாத்தா, டின்னைத் திருப்பிக் கொடுக்கும்போது 211தான் இருக்கும். 2010ஆம் வருடத்து நாணயம் ஒன்றை நாங்கள் எடுத்துக்கொண்டோம், பதினைந்து கோடு உள்ளது, வைவாவில் முதலில் விழுந்தது. அதற்குப் பதில் ஒரு பத்து ரூபாய்த் தாள் மேலே வைத்திருக்கிறோம்.

பெட்டி இப்போது துறையின் இரண்டாவது மாடியில், லேப் வாசலில் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டதால் வெல்லம் இளகி பாக்கெட் ஒட்டிக்கொள்கிறது, அதனால் காலை வேளையில் மட்டும் ஓடும். வருகிறவர்கள் பத்து ரூபாய் நாணயம் கொண்டு வாருங்கள். தாள் எடுக்காது.

இப்படிக்கு,
கடலைமிட்டாய்ப் பெட்டி நால்வர் சார்பாக, சாவியைத் தொலைத்தவள்